காட்டுப் பாதைக்குப் பழைய வண்டி: விசையும் பிடிப்பும்

பழைய வண்டி ஒன்றை வாங்கப் புறப்படுகிறவர் சாமான்யமாக முதலில் பார்ப்பது அதன் வர்ணத்தை. பிறகு ஓடிய கிலோமீட்டர் கணக்கை. அதன் பின்னர் எஞ்சினின் சப்தத்தை. ஊருக்குள் ஓட்டுவதற்கு மட்டும் வாங்குகிறவருக்கு இவ்வளவு போதும். ஆனால் மலைத்தோட்டத்துக் கல் பாதையிலும், மழை பெய்த கரிசலிலும், தேரி மணலிலும் போய்த் திரும்ப வேண்டும் என்ற உத்தேசத்தோடு வாங்குகிறவர், எஞ்சினில் பிறக்கும் விசை எந்த வழியாக எந்தெந்தச் சக்கரங்களுக்குப் போகிறது, போய்ச் சேர்ந்த விசையைத் தரையில் ஊன்றுவதற்கு அந்தச் சக்கரங்களுக்கு என்ன சாதனம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் திருப்தியான விடை கிடைத்த பிறகே விலை பேச உட்கார வேண்டும். தேய்ந்த எஞ்சினை நமது ஊர்ப் பட்டறைகளிலேயே பிரித்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். வண்டியை மெதுவாக, ஆனால் மிகுந்த விசையோடு நகர்த்தும் லோ கியர் உற்பத்தியின்போது வைக்கப்படாவிட்டால் அதைப் பிற்பாடு வைத்துக்கொள்வதோ பெருஞ் செலவும் பெருஞ் சிரமமும் தரக்கூடிய காரியம். பல வண்டிகளில் அது சாத்தியமே இல்லை.

பெயரை நம்பி ஏமாறுவதற்கு இந்த வியாபாரத்தில் இடம் அதிகம். உயரமான தோற்றமும் பின்கதவில் மாட்டிய ஸ்டெப்னியும் நான்கு சக்கர இயக்கத்துக்குச் சாட்சியம் ஆகமாட்டா. டாடா சஃபாரி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பழைய சஃபாரியிலும், அதைத் தொடர்ந்து வந்த சஃபாரி ஸ்டார்மிலும் நான்கு சக்கர இயக்கமுள்ள வகை இருந்தது. 2021-ல் அதே பெயரோடு வந்த புதிய வண்டியில் முன்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகிறது. மஹிந்திரா தாரிலும் 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகை விற்பனையாகிறது. பொலேரோ, ஸ்கார்ப்பியோ முதலியவற்றில் இரு சக்கர இயக்கமுள்ளவையே பெரும்பான்மை. ஆகையால் விளம்பரத்தில் எழுதியிருப்பதை ஒருபுறம் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி இருக்கிறதா, அதிலிருந்து பின்புறம் ஒன்றும் முன்புறம் ஒன்றுமாக இரண்டு புரப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் புறப்படுகின்றனவா, முன் அச்சிலும் பின் அச்சிலிருப்பதைப் போன்ற டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா என்று கண்ணால் கண்ட பிறகே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ரெனோ டஸ்டரைப் போன்ற வண்டிகளில் இந்த அமைப்பு வேறு விதம். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

ஒரு சக்கரம் வீணே சுழல, மற்றொன்று ஏன் நிற்கிறது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைக் காட்டிலும் அதிக தூரம் ஓடவேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்துவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். அதைத் தவிர்ப்பதற்காகவே டிஃபரன்ஷியல் ஏற்பட்டது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கிறதே ஒழிய, முறுக்கு விசையை எப்பொழுதும் இரண்டுக்கும் சமமாகவே பங்கிடுகிறது. தார் ரோட்டில் நன்மையான இந்தச் சமபங்கே சேற்றில் தீமையாக முடிகிறது. ஒரு தட்டில் எடையே இல்லாத தராசின் மற்றத் தட்டில் எதையும் நிறுத்துப் பார்க்க முடியாதது போல, சேற்றில் பிடிப்பின்றிச் சுழலும் சக்கரத்துக்கு எவ்வளவு அற்பமான முறுக்குப் போதுமோ, அவ்வளவு அற்பமான முறுக்கே உறுதியான பாறையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் போய்ச் சேருகிறது. எஞ்சின் எவ்வளவு பெரியதாயிருந்தாலும் வண்டி நகராது.

நான்கு சக்கர இயக்கம் இருந்துவிட்டால் இந்தக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அது பாதி உண்மை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசை போகிறது என்பது மெய். ஆயினும் ஒவ்வோர் அச்சிலும் சாதாரண டிஃபரன்ஷியலே இருக்குமானால், குறுக்கே வெட்டிய ஓடையில் வண்டி சாய்வாக இறங்கும்போது, முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கிச் சுழல, தரையில் ஊன்றியிருக்கும் மற்ற இரண்டும் அசையாமல் நின்றுவிடும். காட்டுப் பாதையில் வண்டிகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இவ்விதமான குறுக்குப் பள்ளங்களில்தான். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் பூட்டுகள், பிரேக் உபாயங்கள், டயர்கள், நீளமாகத் தொங்கும் ஸ்பிரிங்குகள் எல்லாமே, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற ஒரே காரியத்துக்கு ஏற்பட்ட வெவ்வேறு வழிகள்தாம். இதை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால், விற்கிறவர் அடுக்கும் பெயர்களில் எது பிரயோஜனமுள்ளது, எது வெறும் அலங்காரம் என்று தானாகவே விளங்கிவிடும்.

மூன்று வித இயக்கம்

முதலாவது வகை, வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம். சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் ஓடும். நெம்புகோலையோ விசைக் குமிழையோ திருப்பினால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். இரண்டாம் உலக யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பின் முறை இது. 1940-களின் பிற்பகுதி முதல் அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்ற மஹிந்திராவின் பரம்பரையிலும், 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியிலும், தார், கூர்க்கா, இசுசு வி-கிராஸ், ஜிம்னி ஆகியவற்றிலும், 2016-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனரிலும் இதே தத்துவம்தான். பாகங்கள் குறைவு, பழுது குறைவு, எந்த மெக்கானிக்கும் அறிந்த விஷயம் என்பவை இதன் சிறப்புகள். இதன் குறை ஒன்று உண்டு. அதை அறியாதவர் கையில் வண்டி சீக்கிரம் கெட்டுப்போகிறது. திருப்பங்களில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு நீளமுள்ள வட்டங்களில் ஓடுகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாதபடியால் அந்த வேற்றுமை போகுமிடமின்றி ஷாஃப்ட்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காகத் தேங்குகிறது. மண்ணிலும் சரளையிலும் டயர் சற்றே வழுக்கி அந்த முறுக்கை விடுவித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டீயரிங் கனத்து, வண்டி திமிறி, நாளடைவில் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி நீண்டு, கிரவுன் பினியன் பற்கள் தேய்ந்து போகும். மழைக்காலம் முழுவதும் ஃபோர் வீலைப் போட்டபடியே நெடுஞ்சாலையில் ஓட்டியவரின் வண்டியை வாங்குவது வீண் நஷ்டம். "ஃபோர் வீலை எப்போது போடுவீர்கள்?" என்று விற்கிறவரிடம் சாதாரணமாகக் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலிலேயே வண்டியின் சரித்திரம் பாதி வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது வகை, எப்பொழுதும் நான்கு சக்கரங்களும் ஓடுவது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் ஒன்று இருப்பதால் தார் ரோட்டிலும் தயக்கமின்றி ஓட்டலாம். மழையில் நனைந்த மலைச்சாலை வளைவுகளில் இதன் நிதானம் மிகவும் உயர்ந்தது. 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபார்ச்சூனர் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் நடு டிஃபரன்ஷியல் டார்சன் என்ற தானே விசையைப் பங்கிட்டு மாற்றும் ஜாதி, அதைப் பூட்டுவதற்கும் வசதி உண்டு. இவ்வகை வண்டியில் முக்கியமாகப் பரீட்சிக்க வேண்டியது அந்த நடுப்பூட்டு விழுகிறதா என்பதே. பூட்டு வேலை செய்யாவிட்டால் ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலும் சேற்றில் வண்டி தவிக்க நேரும். மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் இந்த இரண்டு வகையையும் ஒன்றாக்கியது: பின்சக்கரம் மட்டும், நடு டிஃபரன்ஷியல் திறந்த நிலையில் நான்கு சக்கரம், நடுப்பூட்டோடு நான்கு சக்கரம், அதே பூட்டோடு லோ கியர் என்று நான்கு ஸ்தானங்கள் அதில் உண்டு. யந்திர சாதுரியத்தில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு அது. உதிரிப் பாகம் கிடைப்பதை விசாரித்துக்கொண்டு வாங்க வேண்டியதும் அதுவே.

மூன்றாவது வகையில் முன்சக்கரங்கள் எப்பொழுதும் ஓடுகின்றன. அவை வழுக்கத் தொடங்கியதும் மின்சாரக் கட்டுப்பாட்டிலுள்ள கிளட்சு ஒன்று இறுகிப் பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்புகிறது. டஸ்டரில் 2014-ல் வந்த நான்கு சக்கர வகை இத்தகையது. லோ கியர் கிடையாது. அதற்கு ஈடாக முதல் கியரைக் குட்டையாக அமைத்திருந்தார்கள். எடை குறைந்த வண்டி, நல்ல ஸ்பிரிங்குகள், செப்பனிடாத கிராமப் பாதைகளில் அலுப்பில்லாத பிரயாணம் என்று அதற்கு நியாயமான பெருமை உண்டு. ஆனால் ஆழ்ந்த மணலில் நீண்ட நேரம் முயன்றால் அந்தக் கிளட்சு சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பின்சக்கரங்களுக்கு விசை போவதை நிறுத்திவிடும். வருஷத்தில் பெரும்பாகம் நெடுஞ்சாலையிலும் எப்பொழுதாவது ஈரமண் பாதையிலும் போகிறவர் இதை வாங்கலாம். மலைத்தோட்டத்தில் தினந்தோறும் உழைப்பதற்கு இது தகுந்ததன்று.

லோ கியரின் மகிமை

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கரடுமுரடான தரையில் ஓட்டுநருக்கு உற்ற துணை லோ கியர்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரு கணக்கைப் பார்ப்போம். முதல் கியரின் விகிதம் 4, அச்சிலுள்ள கிரவுன் பினியனின் விகிதம் 4 என்றால், சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 16 முறை சுற்ற வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 1,000 சுற்று ஓடினால் சக்கரம் சுமார் 62 முறை சுற்றும். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வண்டி மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் போகும். பெரிய உருளைக்கற்கள் கிடக்கும் பாதைக்கு இந்த வேகம் அதிகம்; கிளட்சைப் பாதி அழுத்திக்கொண்டே போக வேண்டியதாகும், கிளட்சுத் தட்டு புகைந்துவிடும். இப்பொழுது டிரான்ஸ்ஃபர் கேஸில் 2.5 விகிதமுள்ள லோ கியரைப் போடுவோம். மொத்த விகிதம் 40 ஆகிறது. அதே எஞ்சின் சுற்றில் வண்டி மணிக்கு 3.3 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்கோ இரண்டரை மடங்கு. 2020-ல் வந்த தாரின் லோ விகிதம் 2.48, 1.3 லிட்டர் ஜிப்ஸியினுடையது 2.27-ஐ ஒட்டியது, ஜிம்னியினுடையது 2 தான்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை நன்றாகத் தெரியும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் பாதையில், ஒருபுறம் தேயிலைச் சரிவும் மறுபுறம் மண்சுவருமாக, புரளும் கற்களின் மேல் இறங்குகிற வண்டியின் பிரேக்கை ஓட்டுநர் ஓங்கி மிதித்தால் சக்கரம் நின்று வழுக்கத் தொடங்கும். லோ முதல் கியரில் விட்டுவிட்டுக் காலை எடுத்தால், எஞ்சினே நான்கு சக்கரங்களையும் சமமாகப் பிடித்து நடைவேகத்தில் இறக்கிக் கொண்டுவந்து சேர்க்கும். வால்பாறை, நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து மூட்டையோடு இறங்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் கியரில் இந்த எஞ்சின் பிடிப்புச் சற்றுக் குறைவு. ஆனால் டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக், கிளட்சு எரியும் பயமின்றிப் பாறையில் அங்குலம் அங்குலமாக ஏறுவதற்குச் சிறந்தது. பழக்கத்தை ஒட்டி இரண்டில் எதையும் எடுக்கலாம்.

முன்னாள் சொந்தக்காரர் அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், மேலே சொன்ன கியர் லாபத்தில் அதே அளவு கரைந்துபோகிறது. ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும். முன் அச்சின் ஜாயிண்ட்டுகளும் அதிகச் சுமையைத் தாங்கியிருக்கும்.

பூட்டுகளும் பிரேக் உபாயங்களும்

டிஃபரன்ஷியலின் சமபங்குத் தர்மத்தை வேண்டும்போது ரத்து செய்வதற்கு ஏற்பட்டது டிஃபரன்ஷியல் லாக். பூட்டு விழுந்தால் அச்சின் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது முழு விசையோடு வண்டியைத் தள்ளும். ஓட்டுநர் தாமே போடும் பூட்டு எல்லாவற்றிலும் மேலானது. ஃபோர்ஸ் கூர்க்காவின் நான்கு சக்கர வகையில் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் இத்தகைய பூட்டுகளைத் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். இந்தியாவில் அதன் விலைக்கு வேறு யாரும் தராத வசதி அது. முன்பூட்டைப் போட்டால் ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும் என்பதால் நேராக ஏறும் இடத்தில் மட்டும் அதை உபயோகிக்க வேண்டும். 2016 முதல் விற்ற ஃபோர்டு எண்டெவரின் 3.2 லிட்டர் நான்கு சக்கர வகையில் பின் அச்சுக்கு மின்சாரப் பூட்டு உண்டு. அந்தக் கம்பெனி 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்த முடிவு செய்ததை மட்டும் நினைவில் வைத்து, உதிரிப் பாகங்களுக்கு வழி தேடிக்கொண்டு வாங்கலாம்.

தாரில் 2015 முதல் வந்தது தானே பூட்டிக்கொள்ளும் யந்திரப் பூட்டு. பின்சக்கரங்கள் இரண்டுக்குமிடையே நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வேற்றுமை ஏற்பட்டால் அது டக்கென்று விழும். வேகம் கூடிய நிலையில் விழாது. ஓட்டுநர் நினைக்க வேண்டியது எதுவுமில்லை என்பது இதன் குணம். சக்கரம் முதலில் சிறிது சுழன்றாக வேண்டும் என்பது குறை. 2020-க்குப் பிந்திய தாரில் எல்லா வகைகளிலும் இந்தப் பூட்டு இருப்பதில்லை. சிலவற்றில் பிரேக்கைக் கொண்டு செய்யும் உபாயம் மட்டுமே இருக்கிறது. மாதிரியின் பெயரையும் வருஷத்தையும் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியில் இருக்கிறதா என்று பரீட்சித்துப் பாருங்கள்.

பிரேக் உபாயம் என்பது இதுதான்: வழுக்கும் சக்கரத்தைக் கருவி கண்டுபிடித்து அதன் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது; அந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்பு உண்டாவதால் மற்றச் சக்கரத்துக்கும் அதே அளவு முறுக்குக் கிடைக்கிறது. ஜிம்னியும் புதிய ஃபார்ச்சூனரும் இந்த உபாயத்தினால் வியக்கத்தக்க இடங்களில் ஏறிவிடுகின்றன. ஆயினும் எஞ்சினின் விசையில் ஒரு பகுதி பிரேக்கில் சூடாகக் கரைகிறது. நீண்ட ஏற்றத்தில் பிரேக் பட்டைகள் தேயும். சென்ஸார் கம்பி ஒன்று சேற்றில் அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். ஆகவே சோதனை ஓட்டத்தின்போது டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால், அந்த வண்டியில் பிடிப்புக்கான கருவியே இல்லை என்று எண்ணி விலையைக் குறைத்துப் பேச வேண்டும். பூட்டு எதுவுமில்லாத, கைபிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும் வண்டியில், பின்சக்கரம் ஒன்று சுழலும்போது கைபிரேக்கை இலேசாக இழுத்துப் பிடித்து மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் பழைய பழக்கமும் இதே தத்துவத்தைச் சேர்ந்ததுதான்.

பழைய காலத்து வண்டிகள் சிலவற்றிலுள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், உள்ளே கிளட்சுத் தகடுகளைக் கொண்டது. அவை தேய்ந்துவிட்டால் சாதாரண டிஃபரன்ஷியலுக்கும் அதற்கும் பேதமில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பட்டறையில் பற்சக்கரங்களை வெல்டு வைத்துப் பற்ற வைத்த பின் அச்சும் சிற்சில வண்டிகளில் தென்படும். தார் ரோட்டில் திரும்பும்போது டயர் கிறீச்சிட்டு, வண்டி நேரே போகப் பார்த்தால் அதுதான் விஷயம். அதை வாங்கவே கூடாது, ஈரச்சாலையில் அபாயம்.

டயரும் தரையும்

எல்லா யந்திரங்களும் தங்கள் வேலையை முடித்த பிறகு, தரையைத் தொடுவது டயர் ஒன்றே. நல்ல டயருள்ள சாதாரண ஜிப்ஸி போகும் இடத்தில், வழுவழுத்த டயருள்ள விலையுயர்ந்த வண்டி தவிப்பதை எந்த மழைக்காலத்திலும் பார்க்கலாம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல், மழை பெய்தவுடன் டயர் வரிகளுக்குள் புகுந்து அப்பிக்கொண்டு, டயரையே ஒரு மண் உருளையாக்கிவிடும். அகன்ற இடைவெளியுள்ள மட் டெரைன் டயரே சுழலும்போது அந்த மண்ணைத் தானாக உதறும். ஆனால் அதே டயர் நெடுஞ்சாலையில் இரைச்சலிடும், ஈரத்தார் ரோட்டில் பிரேக் பிடிப்பதும் மட்டம். மாதத்தில் சில நாள் மட்டும் மண்ணில் போகிறவருக்கு ஆல் டெரைன் டயரே உசிதம்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் நிலைமை வேறு. அங்கே ஆழமான வரிகள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். டயரின் காற்றைக் குறைப்பதே வழி. ரோட்டில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வைத்திருந்தால், மணலில் 15 முதல் 18 பவுண்டு வரை இறக்கலாம். தரையைத் தொடும் பாகம் நீண்டு, எடை பரவி, வண்டி மணலின் மேலேயே ஓடும். அதற்கும் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளக்கூடும். மீண்டும் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பியாக வேண்டும். ஆகையால் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வண்டியோடு இருப்பது அவசியம். ஜிப்ஸி ஆயிரம் கிலோகிராமை ஒட்டிய எடையே உடையதாகையால் மணலிலும் சேற்றிலும் பெரிய வண்டிகளுக்கு இல்லாத சலுகை அதற்கு உண்டு.

டயரின் பக்கவாட்டில் தயாரித்த காலத்தைக் குறிக்கும் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் என்று பொருள். வரி ஆழமாக இருந்தாலும் வயது முதிர்ந்து ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயருக்கு மதிப்பில்லை. எப்பொழுதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியில் நான்கு டயர்களும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று கலந்து ஓட்டியிருந்தால் நடு டிஃபரன்ஷியலோ கிளட்சோ ஓயாமல் உழைத்துத் தேய்ந்திருக்கும்.

வாங்குமுன் செய்யும் பரீட்சை

முதலில் அடிப்பாகம். வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து வைத்திருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். எண்ணெய்க் கசிவு மறைந்திருக்கும். புரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கிராஸ் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும். முன் அச்சு முனைகளிலுள்ள ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் மண் புகுந்து ஜாயிண்ட்டு தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக ஓட்டும்போது கேட்கும் டக் டக் ஓசை அதை உறுதி செய்யும். டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு அச்சுகள் ஆகியவற்றின் நிரப்பும் ஆணியைக் கழற்றிச் சிறிது எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் ஆற்றுநீர் உள்ளே புகுந்திருக்கிறது; பளபளக்கும் உலோகத்துகள் இருந்தால் பற்கள் தேய்கின்றன. கடற்கரையில் உழைத்த வண்டிகளில் துருவே முதல் எதிரி. 2017-ல் அரிச்சல்முனை வரையில் சாலை வருவதற்கு முன் தனுஷ்கோடி மணலில் உப்புநீரில் நனைந்து ஓடிய வண்டிகளைப் போன்றவற்றில் சேஸிஸையும், ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களையும் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பது அவசியம். கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமான ஓசை வந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

பிறகு ஓட்டம். மண் தரையில் நிறுத்தி ஃபோர் ஹை போட்டு நேராகச் சிறிது தூரம் போங்கள். பின்பு வண்டியை முழுதும் நிறுத்தி ஃபோர் லோ போடுங்கள். விளக்கு எரிவது மாத்திரம் போதாது. மின்விசை மோட்டாரால் மாறும் வண்டிகளில் விளக்கு எரிந்தும் கியர் விழாதது உண்டு. முன்சக்கரத்தின் நடுவில் கையால் பூட்டும் ஹப்புள்ள ஜிப்ஸியில், ஹப்பைத் திருப்பாமல் நெம்புகோலை மட்டும் போட்டால் முன்சக்கரத்துக்கு விசை போகவே போகாது. ஒருவரை வெளியே நிறுத்தி, தளர்ந்த மண்ணில் வண்டி கிளம்பும்போது முன்சக்கரமும் மண்ணை உதைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, ஆழமில்லாத குறுக்குப் பள்ளம் ஒன்றில் சாய்வாக இறக்கி ஏற்றுங்கள். பூட்டோ பிரேக் உபாயமோ உள்ளதாகச் சொல்லப்பட்ட வண்டி அதில் தானாக ஏறிவிட வேண்டும். பின்சக்கரம் ஒன்று ஓயாது சுழன்றுகொண்டே இருந்தால் அந்தச் சாதனம் பழுதுபட்டிருக்கிறது, அல்லது அந்த வண்டியில் இல்லவே இல்லை. இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்குவதைத் தவிர்த்துவிடுவது நலம்.

கடைசியில் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எஞ்சின் மாற்றியவை, சேஸிஸ் வெட்டிய பழைய ஜீப்புகள், அளவு மீறிய டயர் மாட்டியவை ஆகியவற்றின் விஷயத்தில், புத்தகத்தில் எழுதியிருப்பதும் எதிரே நிற்பதும் ஒன்றுதானா என்று வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், தோட்டத்து வேலைக்கும் கடினமான மலைப் பாதைக்கும் வாங்குகிறவருக்கு நல்ல நிலையிலுள்ள கூர்க்காவோ, பின்பூட்டுள்ள தாரோ சிறந்தது. குறைந்த முதலீட்டில் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு, துருப்பிடிக்காத ஜிப்ஸியைவிட நல்ல ஆசான் இல்லை. குடும்பத்தோடு நீண்ட பிரயாணமும் இடையிடையே காட்டுப் பாதையும் வேண்டுமென்பவர் முதல் தலைமுறை ஃபார்ச்சூனரை நிதானமாகத் தேடலாம். எதை வாங்கினாலும், கொண்டுவந்த முதல் வாரத்திலேயே கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சுகள் ஆகிய நான்கு இடங்களிலும் எண்ணெயை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது மண் தரையில் சில கிலோமீட்டர் தூரம் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டுங்கள், உபயோகிக்காமல் விட்ட நெம்புகோல் இறுகிப்போய், வேண்டிய நேரத்தில் அசையாது.